ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்பா மட்டும் சுவரைப் பிடித்து நடக்கிறார்

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 74 வயது, கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஊர். மகன் குவைத்தில் இருந்து கேட்கிறார். கொஞ்ச மாதங்களாக அப்பாவின் நடை மெதுவாகிவிட்டது, எழும்பும்போது சுவரையோ கட்டிலையோ பிடிக்கிறார். நாகர்கோவிலில் முழு உடல் பரிசோதனை செய்தாயிற்று, எல்லாம் நார்மல். ஊரில் கேட்டால் "வயசாயிட்டுல்லா" என்கிறார்கள். தசை குறைவதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் உண்டா? அப்புறம், ஊர்ப் படிப்பகத்தில் பெரியவர்களுக்கு ஒரு முகாம் நடத்தப் போகிறார்களாம், அதில் எதையெல்லாம் பார்க்கலாம்?

ஸ்கேன் உண்டு. ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். அசையாத ஒரு நாற்காலி, தையல் டேப், ஃபோனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச், இவை போதும். மார்த்தாண்டம் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். என்னிடம் வருகிற பெரியவர்களில் பாதிப் பேர் கையில் தடித்த ஃபைலோடுதான் வருகிறார்கள். ஃபைலில் எல்லாம் இருக்கும், கால் பலம் எவ்வளவு என்பது மட்டும் இருக்காது.

அதற்குக் காரணம் எளிது. ரத்தப் பரிசோதனை எதுவும் பலத்தை அளப்பதில்லை. சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு எல்லாம் பார்ப்பார்கள். அந்த மனிதரை நாற்காலியில் இருந்து ஒருமுறை எழுந்து காட்டுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு ரிப்போர்ட்டில் ஒரு எண் நம்மை ஏமாற்றவும் செய்யும். கிரியேட்டினின் தசையில் இருந்து உண்டாகிற கழிவு. தசை குறைந்த உடம்பில் அது குறைவாகத்தான் உண்டாகும். 0.6 என்று பார்த்ததும் கிட்னி நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். மெலிந்த பெரியவருக்கு சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால்கூட அந்த எண்ணில் தெரியாமல் போகலாம். மருந்தின் அளவை முடிவு செய்கிற டாக்டரிடம் "அப்பா ரொம்ப மெலிஞ்சிட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது தசையின் அளவை அந்த அளவுக்குச் சார்ந்ததல்ல.

வயதோடு வருகிற தசை இழப்புக்கு சார்கோபீனியா என்று 1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் பெயர் வைத்தார். முதலில் தசையின் அளவு குறைவதை மட்டும்தான் பேசினார்கள். பிறகுதான் அளவைவிட பலமும் வேகமும் முக்கியம் என்று புரிந்தது, ஏனென்றால் தசை சுருங்குவதைவிட வேகமாக பலம் குறைகிறது. இன்றைக்குப் பெரும்பாலான வழிமுறைகள் பலத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்கின்றன. 65 தாண்டியவர்களுக்கு வருடம் ஒருமுறை, அல்லது ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு, விழுந்த பிறகு பார்ப்பது நல்லது.

சரி, நாற்காலிப் பரிசோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாதிப் பேர் தப்பாகத்தான் செய்கிறார்கள்.

சோபா, சாய்வு நாற்காலி, ஸ்டூல் எதுவும் வேண்டாம். இருக்கை தரையில் இருந்து 43 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், சாப்பாட்டு மேசை நாற்காலி கிட்டத்தட்ட இந்த அளவுதான். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அதனால் எந்த நாற்காலியானாலும் முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், வேட்டி தடுக்காமல் மடித்துக் கட்டட்டும். ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு முதலில் ஒரே ஒருமுறை எழும்பிப் பார்க்கட்டும். முடியவில்லையா, அங்கேயே நிறுத்துங்கள். அதுவே முடிவு, கடிகாரம் தேவையில்லை.

முடிந்தால், உட்கார்ந்த நிலையில் "ஆரம்பிங்க" என்று சொல்லி வாட்சை அழுத்துங்கள். ஐந்து முறை, முடிந்த அளவு வேகமாக, எழும்ப வேண்டும், உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் முட்டி முழுக்க நிமிர வேண்டும். ஐந்தாவது முறை முழுக்க நிமிர்ந்து நின்றதும் வாட்சை நிறுத்துங்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு கை தானாகவே தொடைக்கு இறங்கும், கவனியுங்கள். எண் நன்றாக வரவேண்டும் என்று பாதி எழும்பிப் பாதியிலேயே உட்காருகிறவர்களும் உண்டு, அதிலும் ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கு மார்க் மேல் ஆசை விடாது. இன்னொன்றும் பாருங்கள்: உட்காரும்போது மெதுவாக இறங்குகிறாரா, தொப்பென்று விழுகிறாரா? இறங்குவதைக் கட்டுப்படுத்துவதும் தொடைத் தசைதான். எண்ணில் வராத இந்த ஒரு விஷயம் எனக்குப் பல நேரம் எண்ணைவிட அதிகம் சொல்கிறது.

ஆசிய நாடுகளுக்கான 2019 வழிமுறையின்படி 12 வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் பலம் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் எளிய பரிசோதனையில் 14 வினாடி, ஐரோப்பியக் குழுவுக்கு 15. ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். நான் 12-ஐ வைத்துக்கொள்கிறேன். 11.8-ஆ 12.3-ஆ என்று தகராறு வந்தால் வேறொரு நாள் திரும்பப் பாருங்கள். 18 வந்தால் எந்தக் குழுவைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

முட்டிவலி இருந்தால்? வலியால் நிறுத்துகிறாரா, பலம் இல்லாமல் நிறுத்துகிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் "முட்டி தேஞ்சு போச்சு, அதனாலதான்" என்று விட்டுவிடாதீர்கள். முட்டித் தேய்மானத்துக்கும் தொடையை பலப்படுத்துவதுதான் முக்கியமான வைத்தியம்.

அடுத்தது நடை. 6 மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னால் இருந்து வழக்கமான வேகத்தில் நடந்து வரட்டும், இரண்டாவது கோட்டைத் தாண்டியும் நடக்கட்டும். கோட்டுக்குக் கோடு ஆகிற நேரத்தை இரண்டு முறை எடுத்து சராசரி பாருங்கள். 6 வினாடிக்கு மேல் ஆனால், அதாவது வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைந்தால், மெதுவான நடை. வீட்டுத் திண்ணை போதாது, முற்றமோ கோயில் மைதானமோ வேண்டும். மழை பெய்து பாசி பிடித்த முற்றத்தில் மட்டும் வேண்டாம். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. பெரியவர்கள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்கு அந்தப் பாசி போதும்.

தையல் டேப் கெண்டைக்காலுக்கு. உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, முட்டி செங்கோணத்தில் மடங்கியிருக்க, கெண்டையின் தடித்த இடத்தில் இறுக்காமல் சுற்றுங்கள். இரண்டு காலிலும் எடுத்துப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். காலில் நீர் கட்டியிருந்தாலோ யானைக்கால் வீக்கம் இருந்தாலோ இந்த அளவை நம்ப வேண்டாம். பருமனானவருக்கும் அப்படித்தான், கொழுப்பு டேப்பை நிரப்பிவிடும். தொப்பையோடு இருப்பவருக்குத் தசை இழப்பு இருக்காது என்பது தப்பு. வயிறு பெருத்து கால் சூம்பியவர்கள்தான் எல்லார் கண்ணுக்கும் தப்பிவிடுகிறார்கள்.

டாக்டர்கள் கைப்பிடி பலத்தை அளக்கிற கருவி ஒன்று வைத்திருப்பார்கள். ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ எல்லை. நல்ல பரிசோதனைதான். ஆனால் முட்டத்திலோ குளச்சலிலோ காலமெல்லாம் கரமடி வலை இழுத்தவர், குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர், இவர்கள் எல்லாம் எண்பதிலும் அந்தக் கருவியை அழுத்தித் தள்ளிவிடுவார்கள், நாற்காலியில் இருந்து எழும்பத்தான் திணறுவார்கள். வயதாகும்போது கையைவிடக் காலில்தான் பலம் முதலில் குறைகிறது. அதனால் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நாற்காலியைத்தான் எடுப்பேன்.

நேரில் இல்லாத உங்களுக்கு ஃபோனிலேயே கேட்கக்கூடிய ஐந்து கேள்விகள் உண்டு. சார்க்-எஃப் என்று பெயர். ஐந்து கிலோ அரிசிப் பை மாதிரி ஒரு எடையைத் தூக்கிக் கொண்டுபோக முடிகிறதா? அறைக்குள்ளே ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடக்கச் சிரமமா? நாற்காலியிலோ கட்டிலிலோ இருந்து எழும்பச் சிரமமா? பத்துப் படி ஏறச் சிரமமா? இந்த நான்குக்கும் சிரமம் இல்லை என்றால் 0, கொஞ்சம் சிரமம் 1, ரொம்பச் சிரமம் அல்லது முடியாது என்றால் 2. கடைசிக் கேள்வி, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தார்: விழவில்லை என்றால் 0, ஒன்று முதல் மூன்று என்றால் 1, நான்கும் மேலும் என்றால் 2. கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகம் உறுதி. 4-க்குக் குறைந்தால் தப்பித்தோம் என்று அர்த்தம் இல்லை. இந்தக் கேள்விகள் நிறையப் பேரைத் தவறவிடும். நம் அப்பாமார்களிடம் "கஷ்டமா இருக்கா" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். அம்மாவிடம் கேளுங்கள்.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன். டெக்ஸா என்று எலும்பு அடர்த்தி பார்க்கிற அதே இயந்திரம் கை கால் தசையின் அளவையும் சொல்லும். அந்த 2019 வழிமுறையில் சார்கோபீனியா என்று முறைப்படி பெயர் போட, பலம் அல்லது வேகம் குறைந்ததோடு தசை அளவும் குறைந்திருக்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குத்தான் அது. ஆனால் அதே 2019 வழிமுறை, ஆரம்ப நிலை மருத்துவத்தில் பலமோ நாற்காலி நேரமோ குறைந்திருந்தாலே 'இருக்கலாம்' என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது. ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதல் மூன்று மாதம் உங்கள் அப்பா செய்யப்போவது ஒன்றேதான் என்னும்போது, அந்தப் பணத்துக்கு மீன் வாங்கலாம். ஜிம்மிலும் மருந்துக்கடையிலும் ஏறி நின்றால் தசை சதவீதம் சொல்கிற மெஷின்கள் உடம்பில் உள்ள நீரைப் பொறுத்து மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மெதுவாக நடப்பதெல்லாம் தசை இழப்பு அல்ல. ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று தளர்ந்தால், வாய் கோணினால், அது பக்கவாதம், 108-ஐக் கூப்பிடுங்கள். கை நடுங்கி, அடி சிறுத்து, முகத்தில் பாவனை குறைந்தால் பார்க்கின்சன் இருக்கலாம். கால் மரத்து, மூத்திரம் கட்டுப்படாமல் போனால் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் முயற்சி செய்யாமலே எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், காசநோய், புற்றுநோய், தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை என்று காரணத்தைத் தேட வேண்டும். மனச்சோர்வும் ஒரு காரணம். மனைவி போன பிறகு சாப்பாட்டையே விட்ட பெரியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர். சர்க்கரைக்காரர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. 62 கிலோ 54 ஆனதும் சர்க்கரை நல்ல கண்ட்ரோலில் இருக்கிறது என்று வீட்டில் மெச்சுகிறார்கள். அந்த எட்டு கிலோவில் தசை எவ்வளவு போனது என்று யாரும் கேட்பதில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சரி, குறைவு என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

மாத்திரை கிடையாது. எடைக்கு எதிராகத் தசையை வேலை வாங்குவதுதான் வைத்தியம், வாரத்தில் இரண்டு மூன்று நாள். தினமும் நடக்கிறாரே என்பீர்கள். நடை இதயத்துக்கு நல்லது, தொடையில் பலம் ஏற்ற அது மட்டும் போதாது. அதே நாற்காலியே பயிற்சிக் கருவி. எழும்ப முடியாதவருக்கு இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிப் பழக்கி, பிறகு குறைத்துக்கொண்டே வரலாம். எட்டு முதல் பத்து முறை, இரண்டு சுற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, கீழ்ப்படியில் ஏறி இறங்குவது, காலில் மணல் பை கட்டி நீட்டுவது. கடைசி இரண்டு முறை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும், சுலபமாகிவிட்டால் கூட்ட வேண்டும். நெஞ்சுவலி, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கட்டுக்கடங்காத பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இந்த வயதில் பலம் ஏறுமா என்ற சந்தேகத்துக்கு 1990-லேயே பதில் வந்துவிட்டது. பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் குழுவினர் முதியோர் இல்லத்தில் இருந்த, 86 முதல் 96 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்கள் அப்பா அவர்களோடு பார்த்தால் சின்னப் பையன்.

இதற்கு நேர் எதிரான காரியத்தைத்தான் பாசத்தில் செய்கிறோம். காய்ச்சல் வந்தால் "அசையாம கிடங்கப்பா". வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஹோம் நர்ஸ் வைத்து, தண்ணீர் டம்ளர்கூடக் கட்டிலுக்கே வந்துவிடும். ஆரோக்கியமான பெரியவர்களைப் பத்து நாள் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வில் கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை போனது. ஆள் வைத்திருந்தால், அப்பாவுக்குப் பதிலாகச் செய்யாமல் அவர் செய்யும்போது விழாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை என்று அந்த ஆளிடம் சொல்லிவையுங்கள்.

உழிச்சல் பற்றியும் கேட்பீர்கள், நம் மாவட்டத்தில் கேட்காமல் இருக்க முடியாது. நாட்டு வைத்திய ஆசானிடம் எண்ணெய் போட்டு உழிந்தால் வலி குறையும், சுகமாக இருக்கும், நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் படுத்திருக்கிறவருக்குத் தசை வளராது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். சூடாகக் குடிக்க நன்றாக இருக்கும், அதில் வருவது பெரும்பாலும் ஜெலட்டின், தசை கட்டுகிற தரமான புரதம் அல்ல.

சாப்பாட்டில் புரதம்தான் கேள்வி. பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று சொல்கிறார்கள். 55 கிலோ உள்ளவருக்கு 55 முதல் 66 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை டாக்டரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது. இப்போது தட்டைப் பாருங்கள். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து மீன் கறி. கேட்கப் பிரமாதம், ஆனால் பெரியவர் தட்டில் குவிந்திருப்பது மரச்சீனி, அதில் நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடப் புரதம் தேறாது. மீனோ பெயருக்கு ஒரு துண்டு, மீதி எல்லாம் குழம்பு. முள்ளுக்குப் பயந்து அந்தத் துண்டையும் பேரப்பிள்ளைக்குத் தள்ளிவிடுவார். நூறு கிராம் சாளையில் (மத்தி மீன்) 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, விலையும் பெரும்பாலும் கைக்கு எட்டுகிறதுதான். முள் எடுத்துக் கொடுங்கள். காலையில் புட்டுக்குப் பழத்துக்குப் பதில் கடலைக்கறி, ராத்திரிக் கஞ்சிக்கு ஊறுகாயோடு நிறுத்தாமல் சிறுபயறு, கூடவே ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6 கிராம். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது முக்கியம். பல்செட் ஆடுகிறதா என்று பாருங்கள். மென்று சாப்பிட முடியாதவர் கஞ்சிக்குத்தான் போவார். டப்பா பவுடர் வாங்குவதாக இருந்தால் பின்பக்கம் திருப்பி, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று படித்துவிட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் வருகிற பலதில் இரண்டாவது எண்தான் பெரிதாக இருக்கும்.

படிப்பகம் முகாமுக்கு வருகிறேன். பிரஷர், சர்க்கரையோடு நிறுத்தாமல் இதையும் சேர்ப்பது நல்ல யோசனை. ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும்: எடை, நாற்காலி, 6 மீட்டர் நடை, கெண்டைக்கால், கடந்த வருடம் விழுந்தாரா என்ற கேள்வி. கெண்டைக்கால் அளக்க ஒரு மறைப்பும் பெண்களுக்குப் பெண் தன்னார்வலரும் வேண்டும், இல்லாவிட்டால் ஆச்சிமார் சேலையைத் தூக்கமாட்டார்கள். நாற்காலியருகே நிற்கிறவர் பலசாலியாக இருக்கட்டும். எண்ணைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லாதீர்கள். "பாட்டா ஃபெயில்" என்று ஒரு பையன் சிரித்தால் அந்த வருடம் அவர் வெளியே வரமாட்டார்.

முகாமுக்கு நடந்து வருகிறவர்கள் ஓரளவு நடக்கிறவர்கள்தான். கட்டாயம் பார்க்க வேண்டியவர் வீட்டுக்குள் இருப்பார். கிராம சுகாதார செவிலியரிடமும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடமும் பேசி, வீடுவீடாகப் போகிற பட்டியல் ஒன்று போடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். எச்சரிக்கை அறிகுறி உள்ளவர்களை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

கண்டுபிடித்துவிட்டு சும்மா அனுப்புவதாக இருந்தால் முகாமே வேண்டாம். குறைவாக வந்தவர் கையில் நாற்காலிப் பயிற்சி படம் போட்ட ஒரு தாளும், பன்னிரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரவேண்டிய தேதியும் இருக்கட்டும். அந்தத் தேதிக்குப் படிப்பகத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். உங்கள் அப்பாவுக்கும் அன்றைக்கே அதே நாற்காலியில் மறுபடி நேரம் பார்த்து, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பயிற்சியைக் கூட்டுவதா, டாக்டரிடம் போவதா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.